மீன் தொட்டியில் சின்னப் புழுக்கள்: யாழ்ப்பாணத்து வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோண்டாவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் பல வருடமாக ஒரு மீன் தொட்டி இருக்கிறது. அயலில் மீன் வளர்க்கும் பிள்ளைகளும் அவர்களுடைய தாய் தகப்பனும் என்னிடம் அதிகம் கேட்பது புழுவைப் பற்றித்தான். ஒருநாள் காலையில் கண்ணாடியில் வெள்ளை நூல் மாதிரி ஏதோ ஊரும். பயந்துபோய், தண்ணீர் முழுவதையும் கொட்டி, கல்லைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, புதுத்தண்ணீர் நிரப்பி மீனை விடுவார்கள். அதே கிழமையில் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கும். அந்த மீன்களைக் கொன்றது புழு இல்லை, அந்தக் கழுவல்தான். இன்னொரு பிள்ளை அப்படி அழக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கண்ணாடியில் வெள்ளைப் புழு ஊர்கிறது. மீன்களை உடனே வேறு பாத்திரத்தில் போடவேண்டுமா?

வேண்டாம். மீன்கள் வழக்கம்போல் நீந்தி, சாப்பாட்டுக்கு ஓடிவந்தால் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வாளித் தண்ணீரில் ஃபில்டரும் இல்லை, காற்றும் இல்லை, அதுதான் ஆபத்து. தொட்டிக்குள் வரும் புழுக்களில் பெரும்பாலானவை மீனைத் தொடுவதே இல்லை. முதலில் அது என்ன புழு என்று பாருங்கள். ஒருநாள் பொறுத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது.

எந்தப் புழு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரவில் லைற்றை அணைத்து ஒரு மணித்தியாலம் கழித்து, ரோச் அடித்துப் பாருங்கள். இவற்றில் பல வெளிச்சத்துக்கு ஒளிப்பவை, பகலில் கண்ணில் படாது. ஒன்றிரண்டைச் சொட்டுக்குழாயால் உறிஞ்சி, வெள்ளைப் பீங்கான் தட்டில் கொஞ்சத் தண்ணீரோடு விட்டால் தெளிவாகத் தெரியும். தலையையும் நகரும் விதத்தையும் கவனியுங்கள்.

நூல் மாதிரி மெல்லியதாக, வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ, ஒரு சென்ரிமீற்றர் அளவில் இருந்து, கல்லைக் கிளறியதும் தண்ணீரில் நெளிந்து நெளிந்து மிதந்தால் அது கழிவுப் புழு. மண்புழுவின் தூரத்துச் சொந்தம். கல்லுக்கடியில் கிடக்கும் மீதிச் சாப்பாடும் மீன் எச்சமும்தான் அதன் உணவு. நான் பார்த்த தொட்டிகளில் பத்துக்கு எட்டு இதுதான்.

நெளியாமல், எண்ணெய் வழிவதைப்போல் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போனால் அது தட்டைப் புழு. அதிலும் தலை முக்கோணமாக, அம்பு நுனி போல இருந்து, தலையில் இரண்டு கறுப்புப் புள்ளிக் கண்கள் தெரிந்தால் பிளனேரியா. அது மீன் முட்டையையும் சின்ன இறாலையும் தின்னும். வளர்ந்த மீனை ஒன்றும் செய்யாது. தலை உருண்டையாக, இரண்டு மூன்று மில்லிமீற்றர் மட்டுமே இருந்தால் அது வேறு ஒரு சின்னத் தட்டைப் புழு. அதற்கு நீங்கள் ஒன்றுமே செய்யத் தேவையில்லை.

ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு, நுனியில் மயிர் போலக் கைகளை விரித்திருந்தால் அது புழுவே அல்ல, ஹைட்ரா. கப்பிக் குஞ்சுகள் உள்ள தொட்டியில் அதைக் கவனிக்கவேண்டும். அந்தக் கைகள் கொட்டும், பிறந்த குஞ்சைப் பிடித்துவிடும்.

நல்ல சிவப்பாக, எட்டுப் போட்டதுபோல் துள்ளினால் அது ஒருவகைக் கொசுகின் குடம்பி. வளர்ந்தாலும் அது கடிக்காது. மீனுக்கு அதைவிட ருசியான சாப்பாடு கிடையாது.

கடைக்காரர் தந்த மீனில் இருந்துதான் வந்ததா?

இருக்கலாம். ஆனால் செடியோடு வருவதுதான் அதிகம். ஒரு பாசிக்கொத்துக்குள் எத்தனை முட்டை இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குளத்தில் அள்ளிய தண்ணீர், உயிருணவாக விற்கும் சிவப்புப் புழு, நண்பர் வீட்டில் இருந்து கொண்டுவந்த ஒரு பிடி கல், எல்லாமே வழிதான்.

எப்படி வந்தது என்பதைவிட ஏன் பெருகியது என்று கேட்பதே பலன் தரும். ஒரு வருடம் ஓடிய எந்தத் தொட்டியின் கல்லுக்கடியிலும் பத்துப் பதினைந்து புழு இருக்கும். அது நூறாகி, ஐந்நூறாகி, கண்ணாடியில் ஏறினால், கீழே அவற்றுக்கு நீங்கள் சமைத்துப் போட்டிருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

புதுச்செடியை விடுவதற்கு முன்பு, கொண்டிஸ் (பொட்டாசியம் பெர்மாங்கனேற்று) கரைத்த இளஞ்சிவப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். தண்ணீர் கடும் ஊதாவாக இருந்தால் இலை கருகிவிடும். இப்படிச் செய்தாலும் எல்லா முட்டையும் சாகாது, குறையும்.

அப்படியென்றால் எவ்வளவு சாப்பாடு போடவேண்டும்?

இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. ஒருநாளைக்கு ஒருமுறை போதும், குஞ்சுகளுக்கு மட்டும் இரண்டு மூன்று முறை. கிழமையில் ஒருநாள் ஒன்றும் போடாமல் விடலாம், வளர்ந்த மீனுக்கு அதனால் தீங்கில்லை.

இதைச் சொல்வது எளிது, வீட்டில் நடப்பது கடினம். காலையில் பிள்ளை போடும், பத்து மணிக்கு அம்மம்மா போடுவார், பின்னேரம் வேலையால் வந்த தகப்பனும் போடுவார். மீன் எல்லோரையும் பார்த்து வாய் திறக்கும். சாப்பாட்டு டப்பாவை ஒருவர் கையில் மட்டும் கொடுங்கள். பாண் துண்டு, சோறு, பிஸ்கற் தூள் போடுவது அறவே வேண்டாம். மாவு கரைந்து கல்லுக்கடியில் இறங்கினால் புழுவுக்குத்தான் கல்யாண வீடு.

எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் காரணமா?

கிணற்றில் இருந்து புழு வருவது அரிது. ஆனால் எங்கள் தண்ணீரின் குணம் தெரியாமல் இங்கே மீன் வளர்க்க முடியாது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. மழைத்தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித்தான் கிணற்றுக்கு வருகிறது. அதனால் தண்ணீர் கடினமானது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அந்தச் சுண்ணாம்புதான். கப்பி, மொலி, பிளாட்டி போன்றவை இந்தத் தண்ணீரில் சந்தோஷமாக வாழும். கரையோரத்திலும் தீவுப்பகுதியிலும் உவர் கொஞ்சம் ஏறினாலும் மொலி தாங்கும். மென்மையான தண்ணீர் தேடும் மீன்களை இங்கே வாங்குவதற்கு முன்பு யோசியுங்கள்.

சுண்ணாம்புத் தண்ணீரின் பிஎச், அதாவது அமிலமா காரமா என்று காட்டும் அளவு, உயரமாக இருக்கும். அழுகும் சாப்பாட்டில் இருந்து அமோனியா வரும். அந்த அமோனியாவில் மீனைக் கொல்லும் பகுதி, பிஎச் ஒரு அலகு கூடினால் ஏறக்குறைய 10 மடங்காகும். வெக்கையும் அதைக் கூட்டும். அதாவது மென்மையான தண்ணீரில் மன்னிக்கப்படும் அதே அளவு அழுக்கு எங்கள் தண்ணீரில் மீனைக் கொன்றுவிடும். புழு பெருகிய தொட்டி என்றால் கீழே அழுக்கு சேர்ந்திருக்கிறது. நான் புழுவை அறிவிப்புப் பலகையாகப் பார்ப்பது இதனால்தான். அழகுக்காக முருகைக் கல்லும் சிப்பியும் போடுகிறவர்களுக்கும் ஒரு சொல்: அவை சுண்ணாம்பைக் கரைத்துத் தண்ணீரை இன்னும் கடினமாக்கும்.

அடுத்தது நைத்திரேற்று. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பயிராகும் செம்மண் பகுதிகளில், உரம் இறங்கி, இந்த எல்லையைத் தாண்டிய கிணறுகள் இருக்கின்றன. அந்தத் தண்ணீரில் பாசி விரைவாகப் படரும், படர்ந்த பாசி அழுகினால் அதுவும் புழுவுக்கு உணவு. வேகமாக வளரும் தண்ணீர்ச் செடிகளை நிறைய வையுங்கள், நைத்திரேற்றை அவை உறிஞ்சிக்கொள்ளும்.

மழைக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டிருந்தால் அந்தத் தண்ணீரை நேரே தொட்டிக்கு விடாதீர்கள். வாய் அகன்ற பாத்திரத்தில் ஓரிரு நாள் திறந்து வைத்து, எயார் பம்பும் ஓடவிட்டு, பிறகு ஊற்றுங்கள். அப்படி வைக்கும் பாத்திரத்தை வலைத்துணியால் மூடவேண்டும், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

இரவு கரண்ட் போயிற்று. விடிய எழும்பிப் பார்த்தால் புழுக்கள் எல்லாம் கண்ணாடியின் மேல்பகுதியில். ஏன்?

மூச்சுக்கு வந்திருக்கின்றன. எயார் பம்பும் ஃபில்டரும் நின்றால் முதலில் ஒட்சிசன் குறைவது கல்லுக்கடியில்தான். அங்கே இருக்க முடியாமல் புழு மேலே ஏறும். கொஞ்ச நேரத்தில் மீனும் மேலே வந்து வாயைப் பிளக்கும். வெக்கையான தண்ணீரில் ஒட்சிசன் ஏற்கெனவே குறைவு: 25 பாகையில் லீற்றருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையக்கூடியது, 32 பாகையில் 7.3 அளவுக்கு இறங்கிவிடும்.

2022 பங்குனி முடிவில் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அந்த நாட்களில் நான் தொட்டித் தண்ணீரைக் கோப்பையால் அள்ளி உயரத்தில் இருந்து மெதுவாக ஊற்றிக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அப்படிச் செய்தாலே மீன் தப்பும். பற்றறியில் ஓடும் சின்ன எயார் பம்ப் கிடைத்தால் வாங்கி வையுங்கள். கரண்ட் இல்லாத நாளில் சாப்பாடு போடாதீர்கள். நீண்ட நேரம் நின்ற ஃபில்டருக்குள் தண்ணீர் நாறினால், அதை அப்படியே போடவேண்டாம். பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகு போடுங்கள்.

சரி, சுத்தம் செய்வது எப்படி?

ஒரேநாளில் எல்லாவற்றையும் செய்யாமல் மூன்று நான்கு கிழமையாகப் பிரித்துச் செய்யவேண்டும். கால் அங்குலம் அல்லது அரை அங்குலக் குழாய் ஒன்று எடுங்கள். அதன் ஒரு முனையில், அடி வெட்டிய சின்னப் பிளாஸ்ரிக் போத்தலைப் பொருத்துங்கள். அகன்ற வாயைக் கல்லுக்குள் இறக்கி மறுமுனையை வாளிக்குள் விட்டுத் தண்ணீரை இழுத்தால், கல் உள்ளே சுழன்று கீழே விழும், அழுக்கும் புழுவும் தண்ணீரோடு போகும். முதல்நாள் பார்ப்பவர்களுக்கு அந்த வாளித் தண்ணீரின் நிறம் மனதைக் கலக்கும். அவ்வளவும் மீனின் காலடியில் கிடந்தது.

ஒருமுறைக்கு மூன்றில் ஒரு பங்குக் கல்லை மட்டும் இப்படி எடுங்கள். தண்ணீரில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் மாற்றவேண்டாம். அடுத்த கிழமை அடுத்த பகுதி. அமோனியாவைத் தின்னும் நல்ல நுண்ணுயிர்கள் கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும்தான் குடியிருக்கின்றன. அவற்றை ஒரேயடியாகக் கழுவினால் மறுபடி குடியேற நான்கு முதல் ஆறு கிழமை ஆகலாம், அதுவரை மீன் தாங்காது. பஞ்சை வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள். சவர்க்காரம் தொட்டிக்குக் கிட்டவும் வரக்கூடாது.

கல்லின் ஆழத்தையும் பாருங்கள். மூன்று அங்குலத்துக்குக் கல் போட்டிருக்கிறார்கள் சிலர். செடி வளர்க்காத தொட்டிக்கு ஒரு அங்குலம் போதும்.

உப்புப் போட்டால் செத்துவிடுமா?

புழு சாகும் அளவுக்குப் போட்டால் செடியும் சாகும், பல மீன்களும் வாடும். வேண்டாம்.

பிளனேரியாவைப் பிடித்து நசுக்கலாமா?

தொட்டிக்குள் வைத்து நசுக்கவோ வெட்டவோ கூடாது. அதன் துண்டு ஒவ்வொன்றும் முழுப் புழுவாக வளரக்கூடியது. பொறி வைப்பதுதான் நல்லது. சின்ன மருந்துப் போத்தலின் மூடியில் இரண்டு மில்லிமீற்றர் துளைகள் நாலைந்து போடுங்கள். உள்ளே கடுகளவு பச்சை இறைச்சியோ இறால் துண்டோ வைத்துத் தண்ணீர் நிரப்பி, லைற் அணைத்த பிறகு கல்லின் மேல் படுக்கவையுங்கள். விடியுமுன் எடுத்தால் உள்ளே கூட்டமாக இருக்கும். வெந்நீரில் கொட்டிவிடலாம். நாலைந்து இரவு தொடர்ந்து செய்யவேண்டும். இறைச்சியைப் பகல் முழுக்க உள்ளே விடாதீர்கள், அழுகும்.

பாக்கு போட்டால் புழு சாகும் என்கிறார்கள், உண்மையா?

அந்தக் கதைக்கு வேர் இருக்கிறது. பாக்கில் உள்ள அரிக்கோலின் என்ற பொருள் புழுவின் நரம்பைத் தாக்கும். ஆட்டுக்கும் நாய்க்கும் குடற்புழுவுக்குப் பாக்கு கொடுத்த வழக்கம் பழையது. பிளனேரியாவுக்கென்று பாக்குச் சாறு சேர்த்துச் செய்த தூள்களும் வெளிநாடுகளில் விற்கப்படுகின்றன. ஆனால் அவற்றில் அளவு கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. வீட்டுப் பாக்கை இடித்துப் போட்டால் எவ்வளவு மருந்து இறங்கும் என்று கணக்கிட வழியில்லை. நத்தைகள் செத்துப்போகும், தண்ணீரும் கலங்கும். என் அயலில் ஒரு தம்பி இப்படிச் செய்து நத்தை முழுவதையும் இழந்தான். வெற்றிலைத் தட்டத்தில் இருப்பது அங்கேயே இருக்கட்டும்.

வேறு மருந்து?

ஃபென்பெண்டசோல் என்ற பூச்சி மருந்து பிளனேரியாவையும் ஹைட்ராவையும் கொல்லும். சிலவகை நத்தைகளையும் அது கொல்லும். கழிவுப் புழுவுக்கு மருந்து போடவே வேண்டாம் என்பது என் முடிவு. ஆயிரம் புழு ஒரே இரவில் கல்லுக்குள் செத்து அழுகினால் வரும் அமோனியாவை எங்கள் பிஎச் உயர்ந்த தண்ணீரில் நினைத்துப் பாருங்கள். உயிரோடு இருந்த புழு செய்யாத கேட்டைச் செத்த புழு செய்யும்.

அண்ணை, எங்கள் கப்பியின் பின்பக்கத்தால் சிவப்பு நூல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. அதுவும் இந்தப் புழுதானா?

இல்லை. இதற்கு உடனே எழும்பவேண்டும். இது கமலானஸ் என்ற குடற்புழு. மீன் அசையாமல் நிற்கும்போது இரண்டு மூன்று சிவப்பு முனைகள் வெளியே தெரியும், நீந்தினால் உள்ளே இழுத்துக்கொள்ளும். மீன் மெலியும், வயிறு ஒட்டும் அல்லது வீங்கும். கப்பி, மொலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்களில் இது அதிகம். குடலில் பற்றிக்கொண்டு இரத்தம் குடிக்கும் புழு இது, குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். தொட்டிக்குள் ஒரு மீனில் இருந்து இன்னொன்றுக்குப் பரவும். ஒரு மீனில் கண்டால் அந்தத் தொட்டி முழுவதற்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்குக் கேட்கும் மருந்து லெவாமிசோல். ஆடு மாட்டுக்குப் பூச்சி மருந்தாகக் கொடுப்பது. மீன் தொட்டிக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு லீற்றருக்கு 2 மில்லிகிராம். ஆனால் மாட்டுக்கு விற்கும் போத்தல்களில் சில, வேறு மருந்தும் கலந்த கலவைகள். அதனால் தொட்டியின் நீள அகல உயரத்தை அளந்து எழுதிக்கொண்டு மிருக வைத்தியரிடம் போய்க் கேளுங்கள். மீனுக்கென்று சொல்லத் தயங்கவேண்டாம். மருந்து போட்டதும் தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக வையுங்கள், எயார் பம்ப் ஓடட்டும். லெவாமிசோல் புழுவை முடக்கும், மீன் அதை வெளியே தள்ளும். ஒருநாள் கழித்துக் கல்லை நன்றாக உறிஞ்சி, தண்ணீரில் பாதியை மாற்றுங்கள். இரண்டு மூன்று கிழமையில் இன்னொரு முறை செய்யவேண்டும், இந்த இரண்டாம் முறையை விட்டவர்களுக்குத்தான் நோய் திரும்பி வருகிறது. வலை, குழாய், வாளி எதையும் வேறு தொட்டிக்குப் பாவிக்காதீர்கள்.

தங்கமீனின் செதிலில் குச்சி மாதிரி ஒன்று குத்தி நிற்கிறது.

நங்கூரப் புழு என்பார்கள். உண்மையில் அது இறால், நண்டு இனத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணி. தலை சதைக்குள் இருக்கும், வெளியே தெரியும் வாலில் இரண்டு முட்டைப் பைகள் தொங்கும். மீனை ஈரத்துணியில் பிடித்து, நுனி மெல்லிய இடுக்கியால் அடியோடு பிடித்து மெதுவாக இழுத்து எடுக்கலாம். ஆனால் அதன் குஞ்சுகள் தண்ணீரில் நீந்துகின்றன. இழுத்ததோடு முடியாது, தொட்டிக்கும் மருந்து வேண்டும். இதற்கும் மிருக வைத்தியர்தான்.

தொட்டிக்குள் கை விட்ட பிள்ளைக்குப் புழு தொற்றுமா?

கழிவுப் புழுவும் பிளனேரியாவும் மனிதருக்குள் வாழாது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் சரி. கையில் வெட்டுக்காயம் இருந்தால் மட்டும் தொட்டிக்குள் விடவேண்டாம். மீன் தொட்டித் தண்ணீரில் உள்ள ஒருவகைப் பக்றீரியா காயத்தில் ஆறாத கட்டியை உண்டாக்கும்.

சுகாதாரப் பரிசோதகர் வந்தால் மீன் தொட்டிக்குக் குற்றம் பிடிப்பாரா?

மீன் உள்ள தொட்டியில் நுளம்புக் குடம்பி மிஞ்சாது. கப்பி முதல் ஆளாகத் தின்றுவிடும். ஆபத்து பக்கத்தில் இருக்கும் பாத்திரங்களில்: தண்ணீர் மாற்ற நிரப்பி வைத்த வாளி, மீன் இல்லாத பழைய தொட்டி, செடி ஊறும் போத்தல். டெங்கு நுளம்பு தேடுவது அப்படிப்பட்ட தெளிந்த தண்ணீரைத்தான், முட்டை நுளம்பாக ஏறக்குறைய ஒரு கிழமை முதல் பத்து நாள் போதும். நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். மாரி தொடங்கினால் வாளிகளைக் கவிழ்த்து வையுங்கள், நிரப்பியவற்றை வலைத்துணியால் இறுக்கிக் கட்டுங்கள்.

தலைகீழாகத் தண்ணீர் மட்டத்தில் தொங்கி, தொட்டதும் துள்ளிக் கீழே இறங்குவது நுளம்புக் குடம்பி. வலையால் அள்ளி மீனுக்கே போடலாம்.

புழு தின்னும் மீன் வாங்கி விடலாமா?

கப்பியும் ஃபைட்டரும் நீந்தும் கழிவுப் புழுவை ஆசையாகத் தின்னும். பிளனேரியாவைப் பல மீன்கள் வாயில் எடுத்துத் துப்பிவிடும். ஏற்கெனவே அழுக்குச் சேர்ந்த தொட்டிக்கு இன்னும் ஒரு மீனைக் கூட்டினால் எச்சம்தான் கூடும். இருக்கிற மீன்களின் சாப்பாட்டைக் குறைத்தால் அவையே தேடித் தின்னத் தொடங்கும்.

எப்போது முற்றாகப் போகும்?

முற்றாகப் போகாது, போகவும் தேவையில்லை. சாப்பாட்டைக் குறைத்துக் கல்லை உறிஞ்சி வந்தால் மூன்று நான்கு கிழமையில் கண்ணாடியில் காணமாட்டீர்கள்.

உறிஞ்சி எடுத்த தண்ணீரை எங்கே ஊற்றுவது?

வாழை அடிக்கு, கறிவேப்பிலைக்கு, செவ்வரத்தைக்கு. அந்த அழுக்கு அவற்றுக்கு நல்ல பசளை. மருந்து போட்ட தண்ணீரை மட்டும் கீரைப் பாத்திக்கும் கிணற்றடிக்கும் விடாமல், ஆள் நடமாட்டமில்லாத காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள். தண்ணீரையோ வேண்டாத மீனையோ செடியையோ குளத்திலும் வாய்க்காலிலும் விடவே கூடாது. எங்கள் குளங்களில் காலங்காலமாக இருக்கும் மீன்களுக்கு அந்நிய மீனும் அதன் புழுவும் எதிரி. வளர்க்க முடியாவிட்டால் அயலில் தொட்டி வைத்திருக்கும் இன்னொரு பிள்ளையிடம் கொடுங்கள், புழு இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள்.